சில மணி நேரத்து அறை

ஒருவன் விடுதியில் எத்தனை மணி நேரம் தங்குகிறான் என்பதைக் கொண்டு அவனுடைய ஒழுக்கத்தை அளந்துவிடக் கூடுமா? கூடும் என்று கருதி ஒரு நகரசபை சட்டமே செய்தது. கூடாது என்று, பதினாறு வருஷங்கள் சென்ற பின்னர், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்த இடம் பிலிப்பைன் தீவுகளின் தலைநகராகிய மணிலா. இடம் தூரமாயினும் விஷயம் நமக்குத் தூரமானதன்று. அதற்கு மிக நெருங்கியதொரு கேள்வி கோயமுத்தூரில் எழுந்து சென்னை ஹைக்கோர்ட்டு வரையில் சென்றிருக்கிறது. பிரஜைகளின் சுதந்திரத்தில் சிரத்தையுள்ளோர் யாவரும் இவ்விரு வழக்குகளையும் சேர்த்து வைத்து யோசித்துப் பார்ப்பது நலம்.

நாள் கணக்கும் மணிக் கணக்கும்

ஹோட்டல்காரர்களின் நாள் சூரியனோடு உதிப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் அது நண்பகல் பன்னிரண்டு மணிக்கோ பிற்பகல் இரண்டு மணிக்கோ தொடங்கி, மறுநாள் முற்பகலில் முடிகிறது. இரவில் உறங்குவதற்காகவே மனிதர் அறை எடுப்பர் என்ற எண்ணத்தின்மேல் எழுந்த ஏற்பாடு இது. பிரயாணிகளின் தேவையோ இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதன்று. மதுரையில் இரவு ரெயில் ஏறுகிறவர் விடியற்காலையில் சென்னை எழும்பூரில் இறங்குகிறார். அவருக்குப் பகலில் ஒரு சர்க்கார் காரியாலயத்தில் அலுவல் இருக்கலாம். அல்லது மகளைப் பரீக்ஷைக்கு அழைத்து வந்திருக்கலாம். அல்லது பெரிய ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவர் படுத்திருக்கலாம். அன்றிரவே அவர் ஊர் திரும்ப வேண்டும். அவருக்கு வேண்டியவை ஸ்நானம் செய்ய ஓர் இடம், உடை மாற்ற ஒரு மறைவு, தாழிட்ட கதவுக்குப் பின்னால் இரண்டு மூன்று மணி நேரக் கண்ணயர்வு ஆகியவையே. இவ்வளவுக்கு முழு நாள் வாடகை கேட்கிறார்கள். நண்பகலுக்கு முன் வந்தவரிடம் முந்திய நாளின் வாடகையையும் சேர்த்துக் கேட்கும் ஹோட்டல்களும் உண்டு.

ஆண்பிள்ளையானால் பிளாட்பாரத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு எப்படியோ பொழுதைப் போக்கிவிடுவார். கைக்குழந்தையுடன் வந்த தாயும், இரவெல்லாம் உட்கார்ந்து பிரயாணம் செய்த கர்ப்பிணியும், சிகிச்சை முடிந்து அடுத்த ரெயிலுக்குக் காத்திருக்கும் நோயாளியும் என்ன செய்வார்கள்? பகல் நேரத்து அறை என்பது பணக்காரர்களின் உல்லாசத்திற்காக ஏற்பட்டதென்று நினைப்பவர்கள் ஒரு நாள் காலையில் எழும்பூர் ஸ்டேஷன் வாயிலில் நின்று பார்த்தால் அந்நினைப்பு மாறும்.

வியாபார முறையிலும் இதற்கு நியாயம் இருக்கிறது. முற்பகலில் ஒருவர் அறையைக் காலி செய்த பின், மாலையிலோ இரவிலோ மற்றொருவர் வரும் வரையில் அவ்வறை வீணே பூட்டிக் கிடக்கிறது. அந்த இடைவேளையை மூன்று மணி, ஆறு மணி என்று பங்கிட்டுக் குறைந்த வாடகைக்கு விட்டால் உரியவருக்கும் லாபம், வந்தவருக்கும் லாபம். இந்த யோசனையின்மேல் பாரிஸ் நகரத்தில் 2010-ம் வருஷம் ‘டேயூஸ்’ என்றதொரு ஸ்தாபனம் தோன்றிப் பல தேசங்களுக்கும் பரவியது. நம் நாட்டிலும் கைபேசி மூலம் சில மணி நேரத்திற்கு அறை பதிவு செய்து தரும் ஸ்தாபனங்கள் ஏற்பட்டிருக்கின்றன. வேண்டிய பொழுதில், வேண்டிய நேரத்திற்கு மட்டும், முன்னறிவிப்பு இல்லாமல் அறை கிடைக்கிறது.

நமது ரெயில்வேயும் இத்தேவையை அறியாததன்று. ஸ்டேஷன்களிலுள்ள ஓய்வறைகளைப் பிரயாணச் சீட்டின் எண்ணைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். சில ஸ்டேஷன்களில் மணிக் கணக்கிலும் அவை கிடைக்கின்றன. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி கூடிய சரக்கு சேவை வரிக் கவுன்ஸில், ரெயில்வே ஓய்வறைகளுக்கும் காத்திருப்பு அறைகளுக்கும் வரி வேண்டாம் என்று சிபார்சு செய்தது. அடுத்த மாதமே அது அமலுக்கு வந்தது. சில மணி நேரம் இளைப்பாறுவது பிரயாணத்தின் ஓர் அங்கம் என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இதனினும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. ஆனால் அதே இளைப்பாறுதலை ஸ்டேஷனுக்கு எதிர்ச் சாரியிலுள்ள ஹோட்டலில் ஒருவர் தேடினால் அவர்மேல் சந்தேகத்தின் நிழல் விழுகிறது. இந்தச் சந்தேகத்தைத்தான் மணிலா நகரசபை சட்டமாக்கிப் பார்த்தது.

மணிலாவின் உபசட்டம்

1992-ம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி மணிலா நகரத் தலைவர் ஆல்பிரெடோ லிம் 7774-ம் நெம்பர் உபசட்டத்தில் கையொப்பமிட்டார். நகரத்திலுள்ள ஹோட்டல்கள், மோட்டல்கள், சத்திரங்கள் முதலிய எந்த விடுதியும் பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறைந்த காலத்திற்கு அறை கொடுக்கலாகாது. ஒரே அறையை ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாடகைக்கு விடலாகாது என்பது அதன் சாரம். மீறினால் 5,000 பெஸோ அபராதம், அல்லது ஒரு வருஷத்திற்கு மேற்படாத சிறைவாசம், அல்லது இரண்டும். மறுமுறை குற்றம் ருசுவானால் விடுதியின் லைசென்ஸே ரத்தாகும். பொதுஜனங்களின் ஒழுக்கத்தையும், முக்கியமாக வாலிபர்களின் ஒழுக்கத்தையும் காப்பதே நோக்கம் என்று உபசட்டம் கூறிற்று.

நோக்கம் கெட்டதென்று எவரும் சொல்லவில்லை. மணிலாவில் குறுகிய நேரத்து அறைகள் பல, விபசாரத்திற்கும் போதைப் பொருள்களுக்கும் புகலிடமாக இருந்தன என்பதை நீதிபதிகளும் மறுக்கவில்லை. ஆயினும் அம்மாதத்திலேயே விடுதிக்காரர்கள் கோர்ட்டுக்குச் சென்றனர். 1993-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கீழ்க்கோர்ட்டு, தனி மனிதனின் சுதந்திரத்தைத் தாக்குகிறது என்று கூறி உபசட்டத்தைச் செல்லாதென்றது. அப்பீல் கோர்ட்டோ அத்தீர்ப்பை மாற்றிற்று. தண்டனை விடுதிக்காரர்களுக்கே, வாடிக்கைக்காரர்களைச் சட்டம் தொடவில்லை, ஆகையால் எவருடைய அந்தரங்கத்திற்கும் பங்கம் இல்லை என்பது அதன் வாதங்களுள் ஒன்று. கதவைத் திறந்து விடுகிறவனைத் தண்டித்தால் உள்ளே போகிறவனுக்கு நஷ்டமில்லை என்பது போன்ற விசித்திர வாதம் இது!

உச்ச நீதிமன்றம் 2009-ம் வருஷம் ஜனவரி மாதம் 20-ந் தேதி முடிவு கூறிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டாண்டே டிங்கா. முதலில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம், விடுதிக்காரர்கள் தங்கள் வாடிக்கைக்காரர்களின் உரிமைக்காக வழக்காடலாமா என்பது. சந்தேகத்திற்கு ஆளான வாடிக்கைக்காரர் தாமே முன்வந்து வழக்குத் தொடுக்கத் தடைகள் இருக்கும் என்பதைக் கோர்ட்டு உணர்ந்தது. விடுதிக்காரரே அவர்கள் சார்பில் உரிமையை எடுத்துரைக்கலாம் என்று அனுமதித்தது. இந்தப் பகுதியை நமது தேசத் தொண்டர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். சில உரிமைகள் பறிபோவது இரைச்சலின்றி நடப்பதற்குக் காரணம், பறிகொடுத்தவர் வெட்கத்தினால் வாய் திறவாதிருப்பதே.

அடுத்ததாக, இந்த அறைகளை யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று நீதிபதி விசாரித்தார். அக்காலத்தில் மணிலாவில் மின்சாரம் அடிக்கடி நின்று போகும். அப்பொழுதெல்லாம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் விடுதியில் அறை எடுத்துச் சில மணி நேரம் கழிப்பதுண்டு. ஒரு பிரயாணத்திற்கும் அடுத்த பிரயாணத்திற்கும் இடையில் குளித்து இளைப்பாற விரும்புகிறவர்கள் உண்டு. காரணம் எதுவாயினும் தனிமையான ஓரிடம் சில மணி நேரம் தேவைப்படுகிறவர்கள் உண்டு. இவர்கள் அனைவரும் நியாயமான தேவையுடன் வருகிறவர்கள். உபசட்டமோ இவர்களையும் குற்றவாளிகளையும் பிரித்தறியவில்லை; கடிகாரம் ஒன்றையே பார்த்து எல்லோரையும் ஒரே கோலால் அடித்தது.

கடைசியாக அவர் காட்டிய காரணம் எல்லாவற்றிலும் வலிது. விபசாரத்தையும் போதைப் பொருள் வியாபாரத்தையும் தடுக்கச் சட்டங்கள் முன்பே இருக்கின்றன. அவற்றைச் சரியாக நடத்தினாலே தீமை குறையும். மேலும், தீய காரியத்திற்கு வருகிறவன் முழு நாள் வாடகையைச் செலுத்திவிட்டால் இந்த உபசட்டம் அவனை ஒன்றும் செய்யாது. அப்படியானால் தடைபடுகிறவர் யார்? முழு நாள் வாடகை கொடுக்கச் சக்தியற்ற யோக்கியரே. உபசட்டம் செல்லாதென்று கோர்ட்டு தள்ளிற்று.

எல்லா நீதிபதிகளும் இவ்வாறே கருதினர் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் டல்லஸ் நகரம், பத்து மணி நேரத்திற்குக் குறைவாக அறை விடும் மோட்டல்களை ஆபாசத் தொழில் ஸ்தாபனங்களோடு சேர்த்து லைசென்ஸுக்கு உட்படுத்திற்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990-ம் வருஷம் அந்தப் பகுதியை ஒப்புக்கொண்டது. ஆனால் அதே நீதிமன்றம் 2015-ம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து உபசட்டம் ஒன்றைத் தள்ளியதும் கவனிக்கத் தக்கது. போலீஸார் கேட்ட மாத்திரத்தில் ஹோட்டல்காரர் தம் விருந்தினர் பதிவேட்டைக் காட்ட வேண்டும். மறுத்தால் தண்டனை என்றது அவ்வுபசட்டம். மறுப்பதற்கு முன் நடுநிலையான ஓர் அதிகாரியிடம் முறையிட இடமில்லாத கட்டளை செல்லாது என்று, நால்வருக்கு எதிராக ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் செய்தனர்.

கோயமுத்தூர் வழக்கு

நிற்க. நம் தமிழ் நாட்டுக்கு வருவோம். 2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கோயமுத்தூரில் ஒரு தங்கும் விடுதியைப் போலீஸாரும் ரெவினியூ அதிகாரிகளும் சோதனையிட்டனர். ஓர் அறையில் விவாகமாகாத ஓர் ஆணும் பெண்ணும் இருந்தனர். வேறோர் அறையில் மதுப் புட்டிகள் இருந்தன. இவற்றைக் காரணமாகக் காட்டி விடுதிக்கே பூட்டி முத்திரை வைத்தனர். உரியவர் ஹைக்கோர்ட்டுக்குச் சென்றார். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அளித்த தீர்ப்பு தெளிவானது. விவாகமாகாத இருவர் ஹோட்டல் அறையில் விருந்தினராகத் தங்கக் கூடாதென்று விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. இல்லாத சட்டத்தை மீறினதாகச் சொல்லி விடுதியை மூடுவது சட்ட விரோதம் என்று கூறி, முத்திரையை அகற்றும்படி உத்தரவிட்டார்.

இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி, ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜையின் அடிப்படை உரிமை என்று ஒருமுகமாக முடிவு கூறியிருந்தது. ஆகவே சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஹோட்டல் மேஜையில் நிற்கும் சாமானிய மனிதனிடம் சட்டம் வந்து சேர்வதற்குள் எத்தனை கதவுகள்! 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ‘ஓயோ’ ஸ்தாபனம், வட நாட்டில் மீரத் நகரத்திலிருந்து தொடங்கி, விவாகமாகாத ஜோடிகளை மறுக்கும் விருப்பத்தைத் தன் கூட்டாளி ஹோட்டல்களுக்கு விட்டுவிட்டதாக அறிவித்தது. உறவுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்றும் சொல்லிற்று.

உறவுக்கு அத்தாட்சி என்பது தமிழர் விஷயத்தில் எவ்வளவு பொருந்தாதது என்பதைச் சிந்திக்க வேண்டும். நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே நமக்கு அடையாளம். அண்ணனுக்கும் தங்கைக்கும் முதலெழுத்து ஒன்றாகலாம். மாமனுக்கும் மருமகளுக்கும் ஒன்றாகாது. விவாகமான பெண் தன் தகப்பனார் முதலெழுத்தையே வைத்துக்கொண்டிருந்தால் கணவன் மனைவி இருவருடைய அடையாளச் சீட்டும் இருவேறு குடும்பம் போலத் தோன்றும். ஆஸ்பத்திரிக்கு மைத்துனியை அழைத்து வந்தவர் மேஜைக்காரனிடம் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? விவாகப் பதிவுப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டா ஜனங்கள் ரெயில் ஏறுகிறார்கள்?

முற்காலத்தில் நம் நாட்டு ராஜாக்களும் ராணிகளும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினார்கள். ராணி மங்கம்மாளின் சத்திரம் மதுரை ரெயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருப்பதை அவ்வூர் செல்வோர் யாவரும் அறிவர். அந்தத் தர்மத்தைப் புகழும்பொழுதே அதிலிருந்த குறையையும் மறைக்கலாகாது. சத்திரங்களிலும் சாப்பாட்டு விடுதிகளிலும் வந்தவனுடைய சாதியைக் கேட்ட காலம் உண்டு. அக்கேள்வியை ஒழிக்க நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமன்று. முடிவில் நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து, ஹோட்டல் வாயிலில் சாதி மத பேதம் காட்டலாகாது என்று விதித்தது. சாதி கேட்ட இடத்தில் இப்பொழுது தாலி கேட்கிறார்கள். 15-வது ஷரத்து இந்தக் கேள்வியைப் பெயரிட்டுத் தடுக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் வழிப்போக்கனைப் படியிலேயே நிறுத்தித் தன் யோக்கியதையை நிரூபிக்கச் சொல்லும் மனோபாவம் இரண்டிலும் ஒன்றே.

ஆக்ஷேபங்களும் சமாதானமும்

‘பெண்களைக் கடத்தும் பாதகர்களுக்கு இது வசதியாகாதா? அறியாச் சிறுமிகள் கெட மாட்டார்களா?’ என்று கேட்பார் உளர். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்க 1956-ம் வருஷத்து விபசாரத் தடுப்புச் சட்டமும், குழந்தைகளைக் காக்க 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டமும் இருக்கின்றன. அறை எடுப்பவர் இன்னார், வயது வந்தவர் என்பதை அடையாளச் சீட்டினால் அறிந்து பதிவேட்டில் எழுதுவது முற்றிலும் நியாயம். மூன்று மணி நேரத்திற்கு வந்தவரானாலும் மூன்று நாளைக்கு வந்தவரானாலும் அது வேண்டும். வயதைக் கேட்பது குழந்தையைக் காக்கும். விவாகத்தைக் கேட்பது எவரையும் காக்காது. வெளிப்படையான விலைப்பலகையும் ஒழுங்கான பதிவேடும் உள்ள இடத்தில் பாதகர்கள் தங்க அஞ்சுவர். கள்ளத்தனமாக மணிக் கணக்கில் விடும் இடமே அவர்களுக்கு உகந்தது. வழக்கத்தைத் தடுத்தால் அது ஒளிந்து கொள்ளும். ஒளிந்த இடத்தில்தான் தீமை வளரும்.

விடுதி அறைகளில் மெய்யாகவே அஞ்சத் தக்க அபாயம் வேறொன்று இருக்கிறது. விளக்கிலும் சுவரிலும் படக் கருவிகளை ஒளித்து வைத்துத் தங்குபவர்களைப் படம் பிடிக்கும் அயோக்கியர்கள் தோன்றியிருக்கிறார்கள். ஒரு பெண்ணை அவள் அறியாமல் இவ்வாறு படம் பிடிப்பது 2013-ம் வருஷம் முதல் நமது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக இருந்து வந்தது. இப்பொழுது பாரதிய நியாய சன்ஹிதையின் 77-வது பிரிவிலும் அது குற்றமே. விடுதிகளைச் சோதனையிடும் ஆர்வமுள்ள அதிகாரிகள் தங்குபவர்களின் கழுத்தை விட்டு அறையின் சுவர்களைச் சோதிப்பார்களாயின் ஜனங்கள் அவர்களை வாழ்த்துவார்கள்.

செய்ய வேண்டியவை

செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, ரெயில்வே ஓய்வறைகள் எல்லாப் பெரிய ஸ்டேஷன்களிலும் மணிக் கணக்கில் கிடைக்க வேண்டும்; விலை விவரம் தமிழில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எழுதப்பட வேண்டும். கைபேசியில் பதிவு செய்யத் தெரியாத கிராமவாசிக்கும் ஸ்டேஷனிலேயே அறை கிடைக்கும்படி சில அறைகளை ஒதுக்க வேண்டும். இரண்டாவது, தனியார் ஹோட்டல்கள் மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரத்து வாடகையைத் தயக்கமின்றி விலைப்பலகையில் போட வேண்டும். பகிரங்கமாகச் செய்யும் வியாபாரத்திற்கு வெட்கம் எதற்கு? மூன்றாவது, சர்க்கார் வழங்கிய எந்த அடையாளச் சீட்டையும் ஹோட்டல்கள் ஏற்க வேண்டும். ஆதாரைக் கொடுப்பவர் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதியைக் கொடுக்கலாம் என்பதைப் பலர் அறியார். அதை அவர்களுக்கு அறிவிப்பது நமது தொண்டர்கள் செய்யக் கூடிய சுலபமான சேவை. நான்காவது, குறிப்பான புகாரோ குற்றத்தின் அறிகுறியோ இல்லாமல் போலீஸார் தங்குபவர்களின் கதவைத் தட்டலாகாது. நோட்டீஸின்றி விடுதியை மூடலாகாது. சென்னை ஹைக்கோர்ட்டின் 2019-ம் வருஷத் தீர்ப்பை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனுக்கும் தமிழில் அனுப்பி வைப்பதில் சர்க்காருக்கு என்ன சிரமம்?

சுதந்திரம் என்பது சட்டசபையிலும் பொதுக்கூட்ட மேடையிலும் மட்டும் குடியிருப்பதன்று. களைத்து வந்த ஒருத்தி, தன் காசைக் கொடுத்து, எவருக்கும் சமாதானம் சொல்லாமல், ஒரு கதவைத் தாழிட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்ணயர முடிகிறதா என்பதிலும் அது இருக்கிறது. மணிலாவின் விடுதிக்காரர்கள் தங்கள் லாபத்திற்காகவே வழக்காடினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அவர்களால் அந்நாட்டு ஜனங்கள் அனைவருக்கும் ஒரு பாதுகாப்புக் கிடைத்தது. நமக்கோ வழக்காட வேண்டிய சிரமம்கூட இல்லை. நமது கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லி விட்டன. அத்தீர்ப்பை ஹோட்டல் மேஜை வரையில் கொண்டு சேர்ப்பதே நமக்கு மிஞ்சியிருக்கும் வேலை.